குடத்தில் பதிந்த எழுத்துகள்

கேள்வி: மேலூருக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் பூர்வீக வீட்டுப் பட்டாசாலையில், மரத்தால் ஆன விமானப் புரொப்பெல்லர் ஒன்று பல்லாண்டுகளாகச் சுவரில் செங்குத்தாக மாட்டப்பட்டிருக்கிறது. போர்க்காலத்தில் செட்டிநாடு விமானத்தளத்தில் தச்சு வேலை பார்த்த எங்கள் தாத்தா கொண்டுவந்தது என்று வீட்டில் சொல்வார்கள். ஆண்டுதோறும் ஆயுத பூஜையன்று அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைப்போம். அண்மையில் வந்து பார்த்த பழம்பொருள் வியாபாரி ஒருவர், இது முதல் உலகப் போர்ச் சண்டை விமானத்தினுடையது என்றும், தேய்த்துப் பாலிஷ் போட்டால் நல்ல விலைக்குப் போகும் என்றும் சொன்னார். நடுப்பகுதியில் 'கிப்ஸி மேஜர்', 'எல்.எச்.', 'டி 6.5', 'பி 4.6' என்று ஆங்கில எழுத்துகள் உள்ளன. 'டி.ஆர்.ஜி.' என்பதை அடுத்துத் தெளிவில்லாத ஓர் எண்ணும், கிரீடம் போன்ற சிறு முத்திரையும் இருக்கின்றன. நாடா வைத்து அளந்தால் 6 அடி 4½ அங்குலம்தான் வருகிறது. ஒரு முனையில் பித்தளைத் தகடு பெயர்ந்துபோயிருக்கிறது. எழுத்துகளை நம்பலாமா? பக்கத்து வீட்டில் மூன்று பிளேடு வைத்த உலோகப் புரொப்பெல்லர் ஒன்றும் இருக்கிறது. அதன் எழுத்துகளையும் இப்படிப் படிக்க முடியுமா? என் தம்பி உப்புத்தாள் வாங்கி வைத்துவிட்டான். உங்கள் பதிலுக்காகத்தான் நிறுத்தி வைத்திருக்கிறேன். குடத்தின் படமும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

முதலில் அந்த உப்புத்தாளைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடும்படி தம்பியிடம் சொல்லுங்கள். புரொப்பெல்லரின் நடுவே அச்சு நுழையும் தடித்த பகுதியை, வண்டிச் சக்கரத்தில் சொல்வதுபோலக் குடம் என்றே சொல்லலாம். அந்தக் குடத்தின் மேல் பதிந்திருக்கும் எழுத்துகள்தான் இந்தப் பொருளுக்கு இருக்கும் ஒரே பிறப்புச் சான்று. அவை இரும்பு எழுத்தச்சை வைத்துச் சுத்தியலால் தட்டிப் பதித்தவை. ஆழம் மிகக் குறைவு. சில ஆண்டுகளுக்கு முன் மதுரையிலிருந்து திண்டுக்கல் போகும் வழியில் ஓர் உணவகத்தின் சுவரில் அழகான பழைய புரொப்பெல்லர் ஒன்றைப் பார்த்தேன். இழைத்து, தேய்த்து, மூன்று பூச்சு வார்னிஷ் அடித்து, கண்ணாடிபோல் வைத்திருந்தார்கள். குடத்தில் ஓர் எழுத்துகூட மிஞ்சவில்லை. எந்த எஞ்சினுக்குச் செய்யப்பட்டது, எந்த ஆண்டினது என்று இனி எவராலும் சொல்ல முடியாது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் விமானப் பராமரிப்பில் இருந்தவன் என்ற முறையில், அன்று எனக்கு அங்கே சாப்பாடு இறங்கவில்லை.

நீங்கள் எழுதி அனுப்பிய எழுத்துகளில் மிகவும் பயனுள்ளது 'கிப்ஸி மேஜர்' என்பதுதான். அது விமானத்தின் பெயர் ஆகாது, எஞ்சினின் பெயர். இங்கிலாந்தின் டி ஹாவிலண்ட் நிறுவனம் 1932-இல் கொண்டுவந்த, நான்கு சிலிண்டர்கள் தலைகீழாக ஒரே வரிசையில் அமைந்த, காற்றால் குளிரும் 130 குதிரைத்திறன் எஞ்சின் அது. முதல் உலகப் போர் 1918-இலேயே முடிந்துவிட்டது. ஆகவே வியாபாரி சொன்னது பொருந்தாது. அவர் வேண்டுமென்று பொய் சொன்னார் என்று நான் கருதவில்லை. மரத்தில் செய்த புரொப்பெல்லர் என்றாலே முதல் உலகப் போர்க் காலத்தது என்று எண்ணுவோர் பலர். சிறு விமானங்களில் மரப் புரொப்பெல்லர் இரண்டாம் உலகப் போரிலும் அதற்குப் பின்னும் சாதாரணமாகப் பயன்பட்டது, இன்றும் பயன்படுகிறது.

முதல் உலகப் போர்க் கால பிரிட்டிஷ் புரொப்பெல்லர் என்றால் அதன் குடத்தில் லெ ரோன், கிளர்ஜே, ஹிஸ்பானோ சூய்சா, ஆர்.ஏ.எஃப். போன்ற எஞ்சின் பெயர்களில் ஒன்று இருக்கும். அளவுகள் பெரும்பாலும் மில்லிமீட்டரில், நான்கு இலக்க எண்களாக இருக்கும். ஜெர்மன் புரொப்பெல்லர்களில் பெரும்பாலும் சென்டிமீட்டரில் மூன்று இலக்கமாக இருக்கும். பிட்ச், அதாவது ஒரு சுற்றில் முன்னேறும் தொலைவு என்பதற்கு அவர்கள் மொழிச் சொல்லின் சுருக்கமாக 'எஸ்.டி.' என்று வரும், குதிரைத்திறனை 'பி.எஸ்.' என்று குறிப்பார்கள். பெர்லினில் அக்காலத்தில் புரொப்பெல்லர் செய்த ஒரு நிறுவனத்தின் பெயரே 'கருடா' என்பது நம்மவர்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. அந்தப் பெயர் பொறித்த புரொப்பெல்லரைக் கண்டு, இந்தியாவில் செய்தது என்று எண்ணிக்கொண்டவர்களை நான் சந்தித்திருக்கிறேன். அமெரிக்கச் சிறு விமானங்களுக்கு உரியவற்றில் அளவு பெரும்பாலும் அங்குலத்தில் இருக்கும். ஆகவே எண்ணைப் பார்த்தவுடன் அது எந்த அலகு என்று தீர்மானிப்பதே பாதி வேலை.

உங்கள் குடத்தில் உள்ள 'டி 6.5' என்பது விட்டம். அதாவது ஒரு பிளேடின் முனையிலிருந்து எதிர்ப் பிளேடின் முனை வரை உள்ள முழு நீளம். அது அடிக் கணக்கு. ஆனால் தசம அடி. 6.5 என்பதை 6 அடி 5 அங்குலம் என்று படிப்பது எல்லோருக்கும் நேரும் தவறு. ஆறரை அடி என்றால் 6 அடி 6 அங்குலம், ஏறக்குறைய 198 சென்டிமீட்டர். நீங்கள் அளந்ததற்கும் இதற்கும் ஒன்றரை அங்குலம் வேறுபாடு வருகிறது. இதைக் கொண்டு எழுத்துகள் பொய் என்று முடிவு கட்ட வேண்டியதில்லை. ஒரு முனையில் பித்தளைத் தகடு பெயர்ந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். தகடு பெயரும்போது அடியில் உள்ள மரமும் சிதைந்து குறைந்திருக்கலாம். முழு நீளத்தை அளப்பதை விட்டுவிட்டு, நடுத்துளையின் மையத்திலிருந்து ஒவ்வொரு முனைக்கும் தனித்தனியே அளந்து பாருங்கள். சேதமில்லாத பக்கம் 99 சென்டிமீட்டர், அதாவது 39 அங்குலம் வந்து, மற்றப் பக்கம் மட்டும் குறைந்தால், எழுத்து மெய், முனைதான் உடைந்தது. இரு பக்கமும் ஒரே அளவாகக் குறைந்திருந்தால், யாரோ ஒரு பட்டறையில் இரண்டு முனைகளையும் சமமாக வெட்டிச் சீர்செய்திருக்கிறார்கள் என்று பொருள், அதுவும் நடப்பதுண்டு. பொறித்த எண்ணுக்கும் அளந்த நீளத்துக்கும் இடையே பெரிய, காரணம் புலப்படாத வேறுபாடு இருந்தால் மட்டும் ஐயப்படலாம்.

அடுத்தது 'பி 4.6'. இது பிட்ச். ஒரு திருகாணியை ஒரு முழுச் சுற்றுத் திருகினால் மரத்துக்குள் எவ்வளவு இறங்குமோ, அதுபோல இந்தப் புரொப்பெல்லர் வழுக்கல் இல்லாமல் ஒரு சுற்றுச் சுற்றினால் எவ்வளவு முன்னேறும் என்ற கணக்கு. இங்கே 4.6 அடி, சென்டிமீட்டரில் 140. இந்த எண்ணை வீட்டிலேயே சோதிக்க முடியும் என்பது பலருக்குத் தெரியாது. ஒருவர் உதவியோடு புரொப்பெல்லரை இறக்கி, பழைய போர்வை விரித்த சமதளமான மேசையில், தட்டையான முகம் கீழே இருக்கும்படி குடத்தைத் தாங்கி வையுங்கள்; குடத்தின் முகம் மேசைக்கு இணையாக இருக்க வேண்டும். மையத்திலிருந்து 74 சென்டிமீட்டர் தொலைவில், அதாவது பிளேடின் முக்கால் நீளத்தில், சாக்கட்டியால் தொடாமல் ஒரு நூலைக் கட்டி அடையாளம் வையுங்கள். அந்த இடத்தில் கீழ்முகத்தின் அகலத்தை ஒரு விளிம்பிலிருந்து மற்ற விளிம்பு வரை அளந்துகொள்ளுங்கள். பிறகு இரண்டு விளிம்புகளும் மேசையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கின்றன என்று அளந்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கழியுங்கள். 140 சென்டிமீட்டர் பிட்ச் உள்ள புரொப்பெல்லரின் சாய்வு அந்த இடத்தில் ஏறக்குறைய 17 பாகை. அப்படியானால் அகலம் 12 சென்டிமீட்டர் இருக்கும் இடத்தில் ஒரு விளிம்பு மற்றதைவிட மூன்றரை சென்டிமீட்டர் அளவு உயர்ந்திருக்க வேண்டும். அரை சென்டிமீட்டர் கூடினாலும் குறைந்தாலும் கவலை வேண்டாம். மரம் காலப்போக்கில் சற்று முறுக்கிக்கொள்ளும். ஒரு சென்டிமீட்டர்தான் வருகிறது என்றால், அந்த எழுத்துகளும் அந்த உடலும் ஒன்றுக்கொன்று உரியவை அல்ல.

இந்தச் சோதனையை நான் இவ்வளவு விரித்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. அலங்காரத்துக்காகவே புதிதாகச் செய்யப்படும் புரொப்பெல்லர்கள் இன்று சந்தையில் நிறைய உள்ளன. அவற்றில் பழைய எழுத்துகளை அப்படியே பார்த்துப் பொறித்துவிடுகிறார்கள். விட்டத்தையும் சரியாக வைத்துவிடுகிறார்கள். ஆனால் பிளேடின் முறுக்கைக் கணக்குப்படி செதுக்க யாரும் மெனக்கெடுவதில்லை. மேலும், தட்டிப் பதித்த எழுத்தில் மர இழைகள் நசுங்கி உள்ளே மடிந்திருக்கும்; இயந்திரத்தால் பொறித்த எழுத்தில் இழைகள் அறுபட்டு ஓரம் கூர்மையாக இருக்கும். கைப்பட அடித்த எழுத்துகள் ஒரே கோட்டில் நிற்காமல், ஒன்று சற்றே உயர்ந்தும் ஒன்று சாய்ந்தும் இருக்கும். உங்கள் படத்தில் 'மேஜர்' என்ற சொல்லின் கடைசி எழுத்து இறங்கி நிற்பதைக் கண்டபோது எனக்கு நம்பிக்கை கூடியது. குடத்தின் முகத்தில் உலோக வளையம் இறுக்கிப் பிடித்த வட்டத் தழும்பு இருக்கிறதா என்று பாருங்கள். உண்மையாகவே எஞ்சினில் பூட்டப்பட்ட மரத்தில் அது அழியாது. சேதமில்லாத முனையின் பித்தளைத் தகட்டில் மிகச் சிறிய துளைகள் இருக்கலாம். மரத்தில் ஊறிய ஈரம் சுழற்சியில் வெளியேறுவதற்காக விட்டவை அவை. போலி செய்பவர்கள் பெரும்பாலும் அவற்றை விட்டுவிடுகிறார்கள்.

'எல்.எச்.' என்பது இடப்பக்கச் சுழற்சி. நம் மொழியில் இடஞ்சுழி என்று ஒரே சொல்லில் சொல்லிவிடலாம். உள்ளே அமர்ந்திருக்கும் விமானியின் பார்வையில் அது இடஞ்சுழி. விமானத்துக்கு எதிரே நிற்பவருக்கு வலஞ்சுழியாகத் தெரியும். இதையும் உடலோடு ஒத்துப் பாருங்கள். புடைத்த முகம் உங்களை நோக்கி இருக்கும்படி நிறுத்தி, மேல் நோக்கிய பிளேடைப் பார்த்தால், பித்தளை பொதிந்த தடித்த விளிம்பு உங்கள் வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும். கிப்ஸி மேஜர் இடஞ்சுழி எஞ்சின். அமெரிக்கச் சிறு எஞ்சின்கள் பொதுவாக வலஞ்சுழி. ஆகவே எஞ்சின் பெயர், 'எல்.எச்.', பித்தளை விளிம்பு ஆகிய மூன்றும் ஒன்றையே சொன்னால், ஒரு வழக்கில் மூன்று சாட்சிகள் ஒத்துப் பேசியதற்குச் சமம்.

'டி.ஆர்.ஜி.' என்பது வரைபட எண். ஒரே வரைபடத்தின்படி நூற்றுக்கணக்கான புரொப்பெல்லர்கள் செய்யப்பட்டிருக்கலாம். எல்லாவற்றிலும் அந்த எண் ஒன்றாகவே இருக்கும். ஒவ்வொன்றுக்கும் உரிய தனி எண் வேறாக, பெரும்பாலும் வரைபட எண்ணுக்கு அருகிலேயே இருக்கும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். எந்த விமானத்துக்கு, எந்த நிறுவனம் செய்தது என்று தெரிந்துகொள்ள வரைபட எண்தான் வழி. கிரீட முத்திரை பெரும்பாலும் பிரிட்டிஷ் அரசின் விமானத் தரச் சோதனைத் துறை ஆய்வாளருடையதாக இருக்கும், அருகில் 'ஏ.ஐ.டி.' என்ற எழுத்துகள் மங்கலாகவேனும் தெரிகின்றனவா என்று பாருங்கள்.

ஆயுத பூஜைச் சந்தனத்தைப் பற்றி நீங்கள் கொஞ்சம் தயங்கி எழுதியிருந்தீர்கள். அதில் கெடுதல் ஒன்றும் இல்லை. உலர்ந்த சந்தனம் பள்ளங்களில் தங்கி நின்று எழுத்துகளை எடுத்துக் காட்டுகிறது, 'எல்.எச்.' அவ்வளவு தெளிவாகப் படத்தில் விழுந்ததே அதனால்தான். மேலே படிந்ததை மட்டும் மென்மையான, உலர்ந்த தூரிகையால் தட்டி விடுங்கள். தண்ணீர், சோப்பு, மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, டார்ச் விளக்கைக் குடத்தின் முகத்தோடு ஒட்டிப் படுக்கவைத்தாற்போலப் பிடித்து, ஒளியை நான்கு திசையிலிருந்தும் மாற்றி மாற்றிப் பாய்ச்சுங்கள். பகலில் காணாத எழுத்து நிழலோடு எழுந்து நிற்கும். பிறகு பட்டர் பேப்பர் வைத்து, மிருதுவான பென்சிலைச் சாய்த்து மெல்லத் தேய்த்துப் படி எடுங்கள். மாங்குளம் மலையில் கல்வெட்டுக்கு மைப்படி எடுப்பதை நீங்கள் பார்த்திருக்கக்கூடும். அதுபோல ஈரத்தாளை ஒட்டி அறைவது கல்லுக்குத் தாங்கும், இந்த மரத்துக்குத் தாங்காது.

பக்கத்து வீட்டு உலோகப் புரொப்பெல்லரில் எழுத்துகளைப் படிக்கும் முறை வேறு. சாய்வு மாறக்கூடிய புரொப்பெல்லர்களில் குடத்துக்கு ஓர் எண், ஒவ்வொரு பிளேடுக்கும் அதன் அடிப்பகுதியில் ஓர் எண் எனத் தனித்தனியாக இருக்கும். ஒன்று பழுதானால் மற்றொன்றிலிருந்து கழற்றி மாட்டுவார்கள் என்பதால், குடமும் பிளேடும் ஒரே விமானத்திலிருந்து வந்தவை என்று கொள்ள முடியாது. குடத்தில் '23 ஈ 50' என்று தொடங்கும் எண் இருந்தால் அது ஹாமில்டன் ஸ்டாண்டர்டு வகை. அதில் வரும் 3 பிளேடுகளின் எண்ணிக்கை, ஈ என்பது பிளேடு அடியின் பருமன் வகை, 50 என்பது எஞ்சின் அச்சின் பல்வரிசை அளவு. நம் நாட்டில் நெடுங்காலம் பறந்த டகோட்டா விமானங்களில் இருந்தது அந்த வகைதான்.

இனி, உங்களுக்கு உண்மையில் வேண்டிய கேள்விக்கு வருகிறேன். இது தாத்தா வேலை பார்த்த தளத்திலிருந்து வந்ததா? எழுத்துகள் அதை மறுக்கவில்லை. கிப்ஸி மேஜர் எஞ்சினில் பறந்தவற்றுள் மிகவும் பெயர் பெற்றது டைகர் மாத். 8,000-க்கும் மேற்பட்டவை செய்யப்பட்டன. போர்க்காலத்தில் இந்தியாவில் விமானிகளுக்குப் பயிற்சி தந்ததும், போருக்குப் பின் பறக்கும் சங்கங்களில் நெடுநாள் இருந்ததும் அதுவே. ஆனால் லெபர்ட் மாத், ஹார்னெட் மாத், மைல்ஸ் மாஜிஸ்டர் ஆகியவற்றிலும் அதே எஞ்சின் உண்டு. எழுத்துகள் எந்த எஞ்சினுக்கு, எந்த அளவில் செய்யப்பட்டது என்பதைச் சொல்லும். எந்த விமானத்தில் மாட்டப்பட்டது, எந்த ஊரின் மேல் பறந்தது என்பதைச் சொல்லாது. வரைபட எண் தெரிந்தால் விமான வகை வரை போகலாம். அதற்கு மேல் போக உங்கள் வீட்டுப் பெட்டியைத்தான் திறக்க வேண்டும். தாத்தாவின் சம்பளச் சீட்டு, நுழைவு அனுமதிச் சீட்டு, பழைய புகைப்படம், போர் முடிந்து உபரிச் சாமான்கள் ஏலம் போனபோது கொடுத்த ரசீது என்று எது கிடைத்தாலும் அதை இந்தக் கட்டையோடு சேர்த்து வையுங்கள். வீட்டில் மூத்தவர்கள் இருந்தால், அவர்கள் சொல்வதை, யார் எப்போது சொன்னது என்ற குறிப்போடு இப்போதே எழுதிக்கொள்ளுங்கள். தச்சு வேலை தெரிந்த ஒருவர் பல பலகைகளை ஒட்டி இழைத்த இந்த வேலைப்பாட்டைப் பார்த்து ஆசைப்பட்டு எடுத்து வந்திருப்பார் என்பதில் எனக்கு வியப்பில்லை. பலகை ஒவ்வொன்றும் எந்தத் திசையில் இழையோடுகிறது என்று விளிம்பைப் பாருங்கள். அவர் அதைப் பலமுறை பார்த்திருப்பார்.

செங்குத்தாக மாட்டியிருப்பதை மட்டும் உடனே மாற்றுங்கள். மரப் புரொப்பெல்லர் நிமிர்ந்து நின்றால் ஈரம் கீழ்ப் பிளேடுக்கு இறங்கி ஒரு பக்கம் கனக்கும், பசை விடும். கிடைமட்டமாக, இரண்டு தாங்குகட்டைகளின் மேல், சுவரில் கறையான் ஏறாத இடத்தில், சமையலறைப் புகையும் வெயிலும் படாமல் வையுங்கள். ஆணி அடிக்கவோ துளை போடவோ வேண்டாம். பெயர்ந்த பித்தளைத் தகடு கிடைத்தால் அதை ஒட்ட முயலாமல், துணியில் சுற்றிப் பக்கத்திலேயே வைத்திருங்கள். எவ்வளவு நல்ல நிலையில் தெரிந்தாலும் இதை எந்த எஞ்சினிலும் பூட்டிச் சுழற்றக் கூடாது; இவ்வளவு பழைய பசையை நம்பி ஓர் ஆளை அதன் எதிரே நிறுத்துவது கொலைக்குச் சமம்.

விற்பதா வைத்துக்கொள்வதா என்பது உங்கள் குடும்பத்தின் முடிவு. விற்பதாக இருந்தாலும் வரைபட எண்ணை முழுதாகப் படித்த பிறகே பேசுங்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் அந்த எண்ணின் மூன்றாவது இலக்கம் 3 ஆகவும் இருக்கலாம், 8 ஆகவும் இருக்கலாம். டார்ச் ஒளியை இடப்பக்கத்திலிருந்து பாய்ச்சிப் பாருங்கள்: 8 என்றால் இடது ஓரத்திலும் நசுங்கிய பள்ளம் நிழலாகத் தெரியும், 3 என்றால் அங்கே மரம் தொடப்படாமல் மழமழவென்று இருக்கும். அந்தப் பென்சில் படியையும், மையத்திலிருந்து இரு முனைகளுக்கும் எடுத்த அளவுகளையும் எனக்கு அனுப்பி வையுங்கள்.